எம்எம்பி-9 நொதியை ஜெலட்டின் ஜெல்லில் பார்ப்பது: ரத்தக் குழாயிலிருந்து பேண்ட் வரை ஒரு முழு வழிகாட்டி

நொதி ஜெலட்டினை வெட்டுவதை ஜெல்லிலேயே பார்க்கும் முறையான ஜெலட்டின் சைமோகிராஃபி சரியாக வரவில்லை என்றால் புதிதாகச் செய்பவர்கள் உடனே ஜெல்லைத்தான் சந்தேகப்படுகிறார்கள். ஜெல்லுக்கு உருக்கொடுக்கும் அக்ரிலமைடு பழசா, அதை இறுக வைக்கும் டெமெட் போதவில்லையா என்று தேடுகிறார்கள். ப்ராஜெக்ட் மாணவர்களோடு பல வருடம் இதைச் செய்து பார்த்ததில், பாதிக்கு மேற்பட்ட தவறுகள் ஜெல் ஊற்றுவதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். ரத்தம் எந்தக் குழாயில் எடுக்கப்பட்டது, எவ்வளவு நேரம் மேசையில் இருந்தது, சாம்பிளைச் சூடாக்கினார்களா என்பவைதான் பேண்டை, அதாவது ஜெல்லில் தெரியும் பட்டையை, தீர்மானிக்கின்றன. அதனால் இந்த வழிகாட்டியில் ஜெல் கொஞ்சம் தள்ளித்தான் வரும்.

1. இந்த ஜெல் எதைச் சொல்லும் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

எம்எம்பி-9 (மேட்ரிக்ஸ் மெட்டலோபுரோட்டினேஸ்-9) செல்லுக்கு வெளியே சுரக்கப்படும் நொதி. அழற்சி வந்த இடத்தில் நியூட்ரோஃபில்கள், மேக்ரோஃபேஜ்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் இதை வெளிவிடும். நான்காம் வகை கொலாஜனையும், மடிப்பு குலைந்த கொலாஜனான ஜெலட்டினையும் வெட்டி, திசு தன்னை மாற்றி அமைக்க வழி செய்கிறது.

இது செயலற்ற முன்வடிவமாகத்தான் சுரக்கப்படுகிறது. எடை சுமார் 92 கிலோடால்டன். இதில் கூடுதலாக ஒட்டியிருக்கும் முன்துண்டில் உள்ள ஒரு சிஸ்டீன் அமினோ அமிலம், நொதியின் வெட்டும் இடத்தில் இருக்கும் துத்தநாக அயனியைப் பிடித்து மூடி வைத்திருக்கிறது. முன்துண்டு வெட்டுப்பட்டுப் போனால் சுமார் 82 கிலோடால்டன் செயல்வடிவம் கிடைக்கும்.

சைமோகிராஃபியில் நாம் ஜெலட்டின் கலந்த ஜெல்லில் புரதங்களை எஸ்டிஎஸ் என்ற சோப்புப் பொருளோடு ஓட்டிப் பிரிக்கிறோம். எஸ்டிஎஸ் நொதியின் மடிப்பைக் குலைக்கும். அப்புறம் எஸ்டிஎஸ்ஸைக் கழுவி எடுத்தால் நொதி திரும்ப மடிந்து, தான் நிற்கும் இடத்திலுள்ள ஜெலட்டினைத் தின்னும். ஜெல்லுக்கு நீல நிறம் ஏற்றினால் தின்ற இடம் மட்டும் வெள்ளையாகத் தெரியும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். எஸ்டிஎஸ் மடிப்பைக் குலைக்கும்போது அந்தச் சிஸ்டீன் பிடியும் விட்டுப்போகும். அதனால் உடம்பில் சும்மா இருந்த முன்வடிவமும் ஜெல்லில் வெட்டும். 92-இல் வெள்ளை பேண்ட் வந்தால் முன்வடிவம் அவ்வளவு இருந்தது என்றுதான் பொருள். அது நோயாளியின் திசுவில் வெட்டிக்கொண்டிருந்தது என்று பொருள் இல்லை. அதேபோல, உடம்பில் இந்த நொதியைக் கட்டுப்படுத்தும் டிம்ப்-1 புரதமும் எஸ்டிஎஸ்ஸில் கழன்று தனியாகப் போய்விடும். உங்கள் கேள்வி "திசுவில் நிகரச் செயல் எவ்வளவு" என்பதாக இருந்தால் இந்த ஜெல் பதில் சொல்லாது. ஒளிரும் பெப்டைடு கொண்டு செய்யும் வேறு சோதனைக்குப் போக வேண்டும்.

2. முந்தின நாளே தயாராக இருக்க வேண்டியவை

ஜெலட்டின் கரைசல்: பன்றித் தோலிலிருந்து வரும் ஏ வகை ஜெலட்டின், மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம். தண்ணீரில் தூவி பத்து நிமிடம் ஊற விட்டு, 50 முதல் 60 டிகிரியில் கரையுங்கள். ஊறாமல் சூடாக்கினால் கட்டி கட்டியாக நிற்கும். அந்தக் கட்டி ஜெல்லில் கரும்புள்ளியாக வந்து பேண்டை மறைக்கும்.

சாம்பிள் பஃபர், நான்கு மடங்கு செறிவில்: 250 மில்லிமோலார் ட்ரிஸ் பிஎச் 6.8, 8 சதவீதம் எஸ்டிஎஸ், 40 சதவீதம் கிளிசரால், கொஞ்சம் புரோமோஃபீனால் புளூ. டைசல்ஃபைடு பிணைப்பை உடைக்கும் டிடிடியோ மெர்காப்டோஎத்தனாலோ இதில் சேர்க்கவே கூடாது. இந்த நொதியின் உள்ளே இருக்கும் டைசல்ஃபைடு பிணைப்புகள் உடைந்தால், எஸ்டிஎஸ்ஸைக் கழுவிய பிறகும் அது சரியாக மடியாது. வெஸ்டர்ன் ப்ளாட் சோதனைக்கு டிடிடி சேர்த்து வைத்திருக்கும் பாட்டிலும் இதுவும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் யாராவது மாற்றி எடுத்துவிடுவார்கள். பாட்டிலின் மூடியில் பெரிதாக எழுதி வையுங்கள்.

கழுவும் பஃபர்: 50 மில்லிமோலார் ட்ரிஸ், 5 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு, 1 மைக்ரோமோலார் துத்தநாகக் குளோரைடு, 2.5 சதவீதம் ட்ரைட்டான் எக்ஸ்-100. இன்குபேஷன் பஃபரும் இதேதான், ட்ரைட்டான் மட்டும் இருக்காது. ட்ரிஸ்ஸின் பிஎச் ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் ஏறக்குறைய 0.03 இறங்கும். 25 டிகிரியில் 7.9 வைத்தால் 37 டிகிரியில் 7.5 பக்கம் வந்து நிற்கும். பாஸ்பேட் உள்ள உப்புக் கரைசலான பிபிஎஸ் கொண்டு இந்தப் பஃபரைச் செய்யாதீர்கள். பாஸ்பேட்டும் கால்சியமும் சேர்ந்து வெண்மையாக வீழ்படியும், நொதிக்குக் கால்சியம் கிடைக்காது.

பாசிட்டிவ் கண்ட்ரோல்: எச்டி-1080 என்ற மனிதப் புற்றுநோய்ச் செல்களைச் சீரம் இல்லாத மீடியத்தில் பிஎம்ஏ என்ற தூண்டுபொருள் கொடுத்து, மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம் அளவில், 24 மணி நேரம் வளர்த்து எடுத்த மீடியம். இதில் எம்எம்பி-9, எம்எம்பி-2 இரண்டும் வரும். ஒரே தடவையில் நிறைய செய்து, 20 மைக்ரோலிட்டர் பங்குகளாகப் பிரித்து மைனஸ் 80-இல் வையுங்கள். ஒரு வருடத்து ஜெல்களை ஒன்றோடொன்று ஒப்பிட இதுதான் கயிறு. பிஎம்ஏ புற்றுநோயைத் தூண்டும் பொருள், கையுறையில்லாமல் தொடாதீர்கள்.

3. ரத்தம் எடுப்பது

இந்தக் கட்டத்தை நான் எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைக்கிறேன்.

நியூட்ரோஃபில்கள் எம்எம்பி-9-ஐத் தங்கள் துகள்களுக்குள் தயாராகச் சேர்த்து வைத்திருக்கின்றன. ஒரு சின்னத் தூண்டல் போதும், வெளியே கொட்டிவிடும். குழாயில் ரத்தம் உறைவதும் அப்படி ஒரு தூண்டல்தான். அதனால் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் எடுத்த ரத்தத்தில், உறைந்த பிறகு பிரியும் சீரத்தில் எம்எம்பி-9, உறையாமல் தடுத்துப் பிரிக்கும் பிளாஸ்மாவைவிட அதிகமாக இருக்கும். அந்தக் கூடுதல் அவர் உடம்பில் இருந்ததில்லை, குழாயில் பிறந்தது.

ஒரு முறை எங்களிடம் வந்த மாதிரிகளில் நோயாளிகளின் ரத்தம் சிவப்பு மூடிக் குழாயில் சீரமாகவும், ஒப்பீட்டுக்கு எடுத்த ஆரோக்கியமானவர்களின் ரத்தம் நீல மூடி சிட்ரேட் குழாயிலும் இருந்தது. ஜெல் அவ்வளவு அழகாக வந்தது. இடப்பக்கம் எட்டு லேன் (மாதிரி ஓடும் தடம்) பளிச்சென்று, வலப்பக்கம் எட்டு லேன் மங்கலாக. மாணவி சந்தோஷத்தில் ஃபோட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது நான் குழாய் விவரம் எழுதிய தாளைப் பார்த்தேன். அந்த ஜெல்லை நாங்கள் பயன்படுத்தவில்லை. எத்தனை பேர் கையை நீட்டிக் கொடுத்த ரத்தம் அது என்று நினைத்தால் இன்றும் மனசு கனக்கும்.

ஆகவே முதல் மாதிரி எடுக்கும் முன்பே குழாயைத் தீர்மானியுங்கள். நான் 3.2 சதவீத சிட்ரேட் குழாய் எடுக்கிறேன். ஈடிடிஏ குழாயைத் தவிர்க்கிறேன்: ஈடிடிஏ கால்சியத்தையும் துத்தநாகத்தையும் பிடித்துக்கொள்ளும் பொருள், இந்த நொதிக்கு இரண்டுமே தேவை. சிட்ரேட்டில் ஒரு பங்கு திரவத்துக்கு ஒன்பது பங்கு ரத்தம் சேரும் என்பதால் குழாயைக் குறியிட்ட கோடு வரை நிரப்ப வேண்டும். பாதி நிரம்பிய குழாயில் நீர்ப்பு மாறிவிடும். எந்தக் குழாயானாலும் எல்லோருக்கும் அதே குழாய்.

எடுத்ததும் மெதுவாக நாலைந்து முறை தலைகீழாகத் திருப்புங்கள், குலுக்க வேண்டாம். அரை மணி நேரத்துக்குள் 4 டிகிரியில் 1,500 ஜி விசையில் 15 நிமிடம் சுற்றுங்கள். பிளாஸ்மாவை எடுக்கும்போது கடைசி அரை சென்டிமீட்டரை அப்படியே விட்டுவிடுங்கள். சிவப்பணுக்களுக்கு மேலே மெல்லிசாகப் படிந்திருக்கும் வெளிறிய படலத்தில்தான் நியூட்ரோஃபில்கள் இருக்கின்றன. பைப்பெட் நுனி அதைத் தொட்டால் அவையும் பிளாஸ்மாவோடு மைனஸ் 80-க்குப் போய், உருகும்போது வெடித்து எல்லா எம்எம்பி-9-ஐயும் கொட்டும்.

சின்னச் சின்னப் பங்குகளாக உறையவைத்து, ஒரு பங்கை ஒரே முறை உருக்குங்கள். எடுத்த நேரம், சுற்றிய நேரம் இரண்டையும் எழுதுங்கள். ஒப்புதல் படிவம், நெறிமுறைக் குழு அனுமதி இரண்டும் கையில் இல்லாமல் முதல் ஊசியே போடக்கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

4. செல் மீடியமோ திசுவோ என்றால்

செல்லிலிருந்து என்றால் சீரம்தான் எதிரி. மாட்டுச் சீரத்திலேயே ஜெலட்டினை வெட்டும் எம்எம்பிகள் உண்டு. செல்களைச் சீரம் இல்லாத மீடியத்தில் இரண்டு முறை கழுவி, அதே மீடியத்தில் 24 மணி நேரம் விடுங்கள். எடுத்த மீடியத்தைச் சுற்றி மிதக்கும் செல்களை நீக்குங்கள். தட்டிலிருக்கும் செல்களை எண்ணிக்கொள்ளுங்கள், பிறகு லோட் செய்யும் அளவை அதை வைத்துத்தான் சமன் செய்ய முடியும். செல் படாத வெறும் மீடியத்துக்கும் ஒரு லேன் ஒதுக்குங்கள்.

திசுவை அரைக்கும்போது கடையில் வாங்கும் தடுப்பான் கலவையில் ஈடிடிஏ இருக்கிறதா என்று பாருங்கள். ஈடிடிஏ இல்லாத வகைதான் வேண்டும்.

5. ஜெல் ஊற்றுவது

8 சதவீத ஜெல், 10 மில்லிலிட்டருக்கு: 30 சதவீத அக்ரிலமைடு 2.67, பிஎச் 8.8 உள்ள 1.5 மோலார் ட்ரிஸ் 2.5, ஜெலட்டின் கரைசல் 1.0, 10 சதவீத எஸ்டிஎஸ் 0.1, தண்ணீர் 3.62 மில்லிலிட்டர். கடைசியில், ஜெல் இறுகுவதற்கு, 10 சதவீத ஏபிஎஸ் 100 மைக்ரோலிட்டர், டெமெட் 10 மைக்ரோலிட்டர்.

வரிசை முக்கியம். தண்ணீரையும் ட்ரிஸ்ஸையும் முதலில் கலந்து, வெதுவெதுப்பான ஜெலட்டினை அதில் விட்டுச் சுழற்றுங்கள், பிறகு அக்ரிலமைடு. ஃபிரிஜ்ஜிலிருந்து எடுத்த அக்ரிலமைடில் நேராக ஜெலட்டினை ஊற்றினால் அது அங்கேயே நூல் நூலாக இறுகிவிடும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் ஜெல் கண்ணாடிக்குள் போகும் முன்பே பிடித்துக்கொள்ளும். கோடைக்காலத்தில் ஏசி இல்லாத அறையில் டெமெட்டைப் பாதியாகக் குறைக்கிறேன்.

மேலே ஊற்றும் 4 சதவீத ஸ்டாக்கிங் ஜெல்லில் ஜெலட்டின் வேண்டாம். அங்கே புரதம் தடையில்லாமல் ஓடி ஒரே கோட்டில் சேர வேண்டும்.

6. சாம்பிள் கலப்பது

மூன்று பங்கு சாம்பிளுக்கு ஒரு பங்கு பஃபர், அறை வெப்பத்தில் 10 நிமிடம். கொதிக்க வைக்காதீர்கள். எல்லா எஸ்டிஎஸ் ஜெல்லுக்கும் 95 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்துப் பழகிய கை, இங்கேயும் தானாக ஹீட் ப்ளாக்கைத் தேடும். ஒரு மாணவர் மூன்று வாரம் பேண்டே வராமல் தவித்தார். எழுதி வைத்த முறையில் பிழையே இல்லை. ஒரு நாள் பக்கத்தில் நின்று பார்த்தேன், பஃபர் கலந்த குழாய்களை எடுத்துக்கொண்டு நேராக ஹீட் ப்ளாக்கிடம் போனார். அவருக்கே அது நினைவில் இல்லை.

பிளாஸ்மாவை நேரடியாகப் போடாதீர்கள். ஆல்புமின் அவ்வளவு இருக்கும், 60-70 கிலோடால்டன் பகுதியில் லேனையே பிதுக்கிவிடும். பத்து மடங்கு, இருபது மடங்கு நீர்த்து முயன்று பாருங்கள். திசுவானால் 10 முதல் 20 மைக்ரோகிராம் புரதம் போதும்.

புரத எடையைக் காட்டும் நிறமேற்றிய மார்க்கரில் பெரும்பாலும் டிடிடி இருக்கும், அது பக்கத்து லேனுக்குக் கசியும். நடுவே ஒரு லேனைக் காலியாக விடுங்கள்.

7. ஓட்டுவது

100 முதல் 120 வோல்ட், குளிர் அறையிலோ பனிக்கட்டி சூழ்ந்த தொட்டியிலோ. சூடேறினால் பேண்டுகள் சிரித்த வாயாக வளையும். சாம்பிள் பஃபரின் நீலக்கோடு அடியைத் தொட்ட பிறகும் கொஞ்சம் ஓட்டலாம், 92-க்கும் 82-க்கும் இடையே இடைவெளி கிடைக்கும். ஜெலட்டின் இருப்பதால் சாதாரண ஜெல்லைவிட மெதுவாகத்தான் போகும்.

8. எஸ்டிஎஸ்ஸைக் கழுவுவது

கண்ணாடியைப் பிரித்து, ஸ்டாக்கிங் ஜெல்லை வெட்டி எறிந்து, முதல் லேன் பக்கம் மூலையில் ஒரு சின்ன வெட்டுக் குறி போடுங்கள். மார்க்கரோடு ஒரு ஃபோட்டோ இப்போதே எடுங்கள். நாளை ஜெல் முழுக்க நீலமாகும்போது மார்க்கரின் நீலம் அதில் கரைந்துபோகும்.

ட்ரைட்டான் பஃபரில் அரை மணி நேரம், பஃபரை மாற்றி இன்னொரு அரை மணி நேரம், மெதுவாக ஆட்டிக்கொண்டே. ட்ரைட்டான் எஸ்டிஎஸ்ஸை இழுத்துக்கொண்டு வெளியே வரும். பாத்திரம் ஜெல்லைவிட அகலமாக இருக்கட்டும், ஜெல் மிதந்து நகர வேண்டும். அடியில் ஒட்டிக் கிடந்தால் அந்தப் பக்கத்து எஸ்டிஎஸ் போகாது, ஜெல்லின் ஒரு பாதியில் மட்டும் பேண்ட் மங்கும். அவசரத்தில் இருபது நிமிடத்தில் முடித்தவர்கள் எல்லோரும் மறுநாள் திரும்ப வந்திருக்கிறார்கள்.

பிறகு ட்ரைட்டான் இல்லாத இன்குபேஷன் பஃபரில் பத்து நிமிடம் அலசுங்கள்.

9. 37 டிகிரியில் ஓர் இரவு

புதிய இன்குபேஷன் பஃபரில், மூடியிட்ட பாத்திரத்தில் 16 முதல் 18 மணி நேரம். மாலை 4 மணிக்கு வைத்தால் காலை 10 மணிக்கு எடுக்கலாம். ரத்த மாதிரியில் எம்எம்பி-9 நிறைய இருந்தால் நேரத்தைக் குறையுங்கள்.

இன்குபேட்டர் யுபிஎஸ்ஸில் இருக்கிறதா என்று பாருங்கள். இரவில் இரண்டு மணி நேரம் மின்சாரம் போனால் அந்த ஜெல்லின் பேண்ட் மெலிந்திருக்கும். காரணம் தெரியாமல் சாம்பிளைக் குறை சொல்வோம்.

இதே கட்டத்தில் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரே மாதிரியை ஜெல்லின் இரு ஓரங்களிலும் லோட் செய்து, கழுவிய பிறகு ஓர் ஓரத்தை வெட்டி, கால்சியமும் துத்தநாகமும் இல்லாமல் 20 மில்லிமோலார் ஈடிடிஏ உள்ள பஃபரில் தனியாக வையுங்கள். அதில் பேண்ட் வராமல் போனால், வெட்டியது உலோக அயனியை நம்பும் நொதி என்று உறுதியாகச் சொல்லலாம். வந்தால், வேறு ஏதோ புரோட்டியேஸ் உங்கள் மாதிரியில் இருக்கிறது.

10. நிறம் ஏற்றுவது

தண்ணீரில் ஒரு முறை அலசி, 0.5 சதவீத கூமாசி ஆர்-250 என்ற நீலச் சாயத்தில் ஒரு மணி நேரம். கரைசலில் 40 சதவீதம் மெத்தனால், 10 சதவீதம் அசிட்டிக் அமிலம். நிறம் நீக்குவதும் அதே கரைசலில், கூமாசி இல்லாமல். அடர் நீலப் பின்னணியில் பேண்ட் தெளிந்ததும் தண்ணீருக்கு மாற்றிவிடுங்கள். ராத்திரி முழுக்க விட்டால் பின்னணியும் வெளுத்து மெல்லிய பேண்டுகள் காணாமல் போகும்.

11. பேண்டைப் படிப்பது

கண்ட்ரோல் லேனிலிருந்து தொடங்குங்கள். அங்கே 92-இல் எம்எம்பி-9 முன்வடிவம், 72-இல் எம்எம்பி-2 முன்வடிவம். இவை இரண்டையும் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது. 82 பக்கம் எம்எம்பி-9 செயல்வடிவம், 62 முதல் 66-க்குள் எம்எம்பி-2 செயல்வடிவம். ஜெலட்டின் ஜெல்லில் மார்க்கர் சற்றுப் பிசகும் என்பதால் நான் மார்க்கரைவிடக் கண்ட்ரோலைத்தான் நம்புகிறேன்.

மனித ரத்தத்தில் மேலே இன்னும் இரண்டு பேண்டுகள் வரும், புதியவர்கள் பயந்துபோவார்கள். 130 பக்கம் வருவது எம்எம்பி-9 நியூட்ரோஃபிலின் என்கால் புரதத்தோடு டைசல்ஃபைடால் பிணைந்தது. 220 பக்கம் வருவது எம்எம்பி-9 தன்னோடு தானே சேர்ந்தது. டிடிடி போடாததால்தான் இவை பிரியாமல் நிற்கின்றன. இவை அழுக்கு இல்லை, உங்கள் பஃபர் சரியாக இருக்கிறது என்பதற்கு அடையாளம். 130 பேண்ட் பலமாக இருந்தால் நியூட்ரோஃபிலிலிருந்து வந்தது என்றும் ஊகிக்கலாம்.

சுண்டெலி மாதிரி என்றால் 92-இல் தேடாதீர்கள். சுண்டெலியின் முன்வடிவம் 105 கிலோடால்டன் பக்கம் நிற்கும்.

முடிவை எழுதும்போது "எம்எம்பி-9 செயல்பாடு அதிகரித்தது" என்று எழுதும் பழக்கத்தை விடுங்கள். 92 பேண்ட் மட்டும் கூடியிருந்தால் "முன்வடிவத்தின் அளவு கூடியது" என்று எழுதுங்கள். 82-ம் கூடியிருந்தால் அதைத் தனியாகச் சொல்லுங்கள்.

12. அளப்பது

படத்தைக் கருப்பு வெள்ளையாக்கி, தலைகீழ் நிறத்துக்கு மாற்றி, இமேஜ்ஜே மென்பொருளில் பேண்டின் அடர்த்தியை எடுக்கலாம். ஜெலட்டின் முழுக்கத் தீர்ந்து கண்ணாடிபோல் தெளிந்த பேண்டை அளக்காதீர்கள். அதற்குமேல் தின்ன ஒன்றும் இல்லை, இரண்டு மடங்கு நொதி இருந்தாலும் அதே எண்தான் வரும். கண்ட்ரோலை இரண்டிரண்டு மடங்காக நீர்த்து நாலு லேன் போட்டால் எந்த எல்லைக்குள் எண்ணை நம்பலாம் என்று தெரியும். இரண்டு ஜெல்களை ஒப்பிட வேண்டுமானால் இரண்டிலும் அதே கண்ட்ரோல் பங்கு இருக்க வேண்டும்.

13. சரியாக வரவில்லை என்றால் எந்த வரிசையில் தேடுவது

கண்ட்ரோல் லேனிலும் பேண்ட் இல்லையா? சாம்பிளை விட்டுவிடுங்கள். சூடாக்கினீர்களா, பஃபரில் டிடிடி இருந்ததா, ட்ரைட்டான் கழுவல் குறைந்ததா, கால்சியம் போட்டீர்களா என்று இதே வரிசையில் பாருங்கள்.

கண்ட்ரோல் வந்து சாம்பிள் மட்டும் வரவில்லையா? நீர்ப்பு அதிகம், அல்லது உருக்கி உறையவைத்தது அதிகம்.

லேன் முழுக்க மேலிருந்து கீழ் வரை வெளுத்திருந்தால் லோட் அதிகம். பாதியாக்கி ஓட்டுங்கள். லேனுக்குச் சம்பந்தமில்லாமல் அங்கங்கே வெள்ளை வட்டம் இருந்தால் பாத்திரத்தில் பாக்டீரியா வளர்ந்திருக்கிறது. பாத்திரத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவி, பஃபரை வடிகட்டிப் புதிதாகச் செய்யுங்கள்.

பின்னணி நீலமே ஏறவில்லை என்றால் ஜெலட்டின் சேர்க்க மறந்திருப்பீர்கள். இது எங்கள் ஆய்வகத்தில் நாலு முறை நடந்திருக்கிறது. அதற்குப் பிறகு ஜெல் கலக்கும் தாளில் ஒவ்வொரு பொருளுக்கும் நேரே டிக் போட ஒரு கட்டம் வைத்தோம், ஐந்தாவது முறை நடக்கவில்லை.